கூட்டுவதா, கழிப்பதா?

ஒரு தம்பி கேட்டிருந்தார்: "தங்கச்சி இந்த வருசம் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதுறா. ஒருங்கமை சமன்பாட்டுல எப்ப கூட்டணும், எப்ப கழிக்கணும்னு அவளுக்கு ஒரே கொழப்பம். நானும் அந்தக் காலத்துல மனப்பாடம் பண்ணித்தான் தப்பிச்சேன், இப்ப சொல்லிக் குடுக்கத் தெரியல. சில கணக்குல ரெண்டு எழுத்துமே காணாமப் போயி 0 = 0னு வருது, அது பிழையா? மூணு எழுத்து வந்தா என்ன பண்றது?"

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், தங்கச்சியை எப்போதும் கூட்டச் சொல்லுங்கள். கழிப்பதையே மறந்துவிடலாம். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு நான் போய்விட்டால் அது இன்னொரு மனப்பாடமாகத்தான் போய் முடியும், அதனால் கொஞ்சம் உட்கார்ந்து வாசியுங்கள்.

நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் கடை ஒன்றுதான். விலைப்பட்டியல் எதுவும் தொங்காது. கடன் கொப்பியில் என்ன சாமான் எத்தனை கிலோ என்று இருக்கும், கீழே மொத்தம் இருக்கும், ஒவ்வொன்றும் என்ன விலை என்று இருக்காது. இப்போதைய காசில் ஒரு உதாரணம் போடுகிறேன், தொகை என் கற்பனை. ஒரு வாரம் 3 கிலோ கோதுமை மாவும் 1 கிலோ சீனியும் வாங்கினோம், மொத்தம் 820 ரூபா. அடுத்த வாரம் 3 கிலோ மா, 2 கிலோ சீனி, மொத்தம் 1070 ரூபா. இதை எங்கள் அப்பாயியிடம் சொன்னால், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மனுசி, வெற்றிலையை மென்றுகொண்டே "சீனி இருநூத்தி அம்பதா விக்கிறான்?" என்று கேட்டிருக்கும். மா இரண்டு வாரமும் அதேதான், கூடினது ஒரு கிலோ சீனி, கூடின காசு 250. முடிந்தது. மா விலை வேண்டுமா? 820இல் 250 போனால் 570, அதை மூன்றாகப் பிரித்தால் 190.

இதுதான் நீக்கல் முறை. முழுக்க இதுதான். இரண்டு பில்லை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, இரண்டிலும் ஒரே அளவாக இருப்பதை அடித்துவிட்டு, மிச்சத்தைப் பார்ப்பது. பாடப் புத்தகத்தில் அதை எழுத்து போட்டு எழுதி, ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் இந்த இரண்டு வரிக்கும் ஒருங்கமை சமன்பாடு என்று பெயர் வைக்கிறார்கள், அவ்வளவுதான்:

3ம + ச = 820
3ம + 2ச = 1070

புத்தகத்தில் எக்ஸ், வை என்று வரும் இடத்தில் நான் ம, ச என்று போட்டிருக்கிறேன். இங்கே ஒரு விசயத்தைக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் சறுக்கும் முதல் இடம் இதுதான், வாத்தியார்மார் பலர் கவனிப்பதும் இல்லை. ம என்பது மா இல்லை. ஒரு கிலோ மாவின் விலை, ரூபாயில் ஒரு எண். "3ம என்றால் மூன்று கிலோ மா" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். மாவையும் சீனியையும் கூட்டினால் 820 எப்படி வரும்? மாவும் சீனியும் கூட்டினால் அடையோ தோசையோதான் வரும். விலைகளைக் கூட்டினால்தான் 820 வரும். எழுத்து ஒரு எண்ணுக்காக நிற்கிறது என்று மனதில் பதியாத பிள்ளைக்கு வசனக் கணக்கு வந்தாலே கை நடுங்கும்.

அப்புறம், இரண்டு சமன்பாட்டைக் கூட்டலாம் என்று யார் அனுமதி கொடுத்தது? இதை நான் படிக்கும்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதில் கடைத் தராசில் இருக்கிறது. இரண்டு தட்டும் சமமாக நிற்கும்போது, இந்தப் பக்கம் ஒரு கல்லும் அந்தப் பக்கம் அதே எடையில் இன்னொரு கல்லும் வைத்தால் தராசு அசையாது. இரண்டாவது சமன்பாட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் சம எடையுள்ள இரண்டு கல். அதனால் முதல் சமன்பாட்டின் இடப்பக்கத்தில் அதன் இடப்பக்கத்தையும், வலப்பக்கத்தில் அதன் வலப்பக்கத்தையும் போடலாம். ஒரு சமன்பாட்டை முழுசாக எந்த எண்ணால் பெருக்கினாலும் அதே கதைதான், அதே பில்லை மூன்று தரம் வாங்கினால் காசும் மூன்று மடங்கு. முழுசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இடப்பக்கத்தைப் பெருக்கிவிட்டு வலப்பக்கத்து எண்ணை அப்படியே விட்டுவிடுவது நான் திருத்தும் கொப்பிகளில் வாரத்துக்கு நாலு தரமாவது வரும் பிழை.

சரி, அதிர்ஷ்டம் இல்லாத கணக்குக்கு வருவோம், அதாவது எந்த எழுத்தின் குணகமும் (எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண்) ஒத்துப் போகாத கணக்கு.

கொழுந்து பறிக்கும் இரண்டு அக்காமார், பக்கத்துப் பக்கத்து லயம் (தோட்டத்து வரிசை வீடு). சம்பளத் துண்டில் மொத்தம் தெரிகிறது, ஆனால் நாள் பேருக்கு (ஒரு நாள் வேலைக்கு) எவ்வளவு போட்டார்கள், மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு போட்டார்கள் என்று பிரித்துப் பார்க்க ஆசை. ஒருவர் 20 நாள் வேலை, 45 கிலோ மேலதிகக் கொழுந்து, 21800 ரூபா. மற்றவர் 18 நாள், 70 கிலோ, 20800 ரூபா. (கழிவுகளுக்கு முந்தின தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான துண்டில் சேமலாப நிதி எட்டு வீதம், சந்தா, முற்பணம், கோயில் காசு என்று எல்லாம் கழிந்துதான் கைக்கு வரும், அதையும் சேர்த்தால் இந்தப் பதில் இன்றைக்கு முடியாது.) நாள் சம்பளம் நா, கிலோ விலை கி:

20நா + 45கி = 21800
18நா + 70கி = 20800

உடனே பெருக்கத் தொடங்கவேண்டாம். முதல் வரி முழுக்க ஐந்தால் பிரிபடும், இரண்டாம் வரி இரண்டால் பிரிபடும்:

4நா + 9கி = 4360
9நா + 35கி = 10400

பெரிய எண்ணோடு மல்லுக்கட்டி, வழி சரியாக இருந்தும் பெருக்கலில் பிழைவிட்டு விடையைத் தொலைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். சுருக்க முடிந்தால் முதலில் சுருக்குங்கள், பின்னம் இருந்தால் முதலில் பகுதிகளின் பொ.ம.சி.யால் (பொது மடங்குகளுள் சிறியது) பெருக்கிப் பின்னத்தை விரட்டுங்கள். அதற்கு மேல் பின்னத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது எந்த எழுத்தை வெட்டுவது? கி-யை வெட்ட 9க்கும் 35க்கும் பொ.ம.சி. வேண்டும், 315. நா-வை வெட்ட 4க்கும் 9க்கும் 36 போதும். ஆகவே நா. "எந்த எழுத்தை வெட்டினால் சரி" என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டும் சரி, ஒன்று லேசு, மற்றது கஷ்டம், விடை ஒன்றேதான். முதல் வரியை −9ஆல், இரண்டாம் வரியை 4ஆல் பெருக்குகிறேன்:

−36நா − 81கி = −39240
36நா + 140கி = 41600

கூட்டினால் 59கி = 2360, கி = 40. இதை 4நா + 9கி = 4360இல் போட்டால் 4நா = 4000, நா = 1000. ஆயிரம் ரூபா கேட்டு எத்தனை வருசம் கொடி பிடித்தோம், 2021இல்தான் அது கைக்கு வந்தது, அந்த ஞாபகத்தில்தான் இந்த எண்ணைப் போட்டேன்.

சரிபார்ப்பது: விடையை முதல் துண்டில் போட்டுப் பார்த்துச் சந்தோசப்படவேண்டாம். நா-வைக் கண்டுபிடித்ததே அந்த வரியிலிருந்துதான், கி பிழையாக இருந்தாலும் அது தலையாட்டும். மற்ற வரியில், அதுவும் சுருக்குவதற்கு முந்தின வரியில் போடுங்கள்: 18 × 1000 + 70 × 40 = 18000 + 2800 = 20800. சரி.

மேலே நான் கழிக்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 9ஆல் பெருக்கிக் கழிப்பதற்குப் பதிலாக −9ஆல் பெருக்கிக் கூட்டினேன். உங்கள் தங்கச்சியின் குழப்பத்துக்கு மருந்து இதுதான். வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் விதி "ஒரே குறி என்றால் கழி, வேறு குறி என்றால் கூட்டு". விதியில் பிழை இல்லை. ஆனால் அதன்படி கழிக்கும்போது கீழ் வரியில் மூன்று இடத்தில் குறி மாறவேண்டும், பிள்ளை ஒரு இடத்தில் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடும். இதைப் பாருங்கள்:

5க − 3ப = 13
2க − 3ப = −2

ப-வின் குணகம் இரண்டிலும் −3, ஒரே குறி, ஆகவே கழி. இங்கே நான் கண்ட விடைகளை வரிசைப்படுத்தினால் பெரிய பட்டியல் வரும்: ஒரு பிள்ளை −3ப-யையும் −3ப-யையும் சேர்த்து −6ப என்று எழுதும், இன்னொன்று ப-வைச் சரியாக வெட்டிவிட்டு வலப்பக்கம் 13 − 2 = 11 என்று எழுதி, 3க = 11 என்று வந்ததும் பயந்துபோய் முழுக் கணக்கையும் கோடு போட்டு அடித்துவிடும். உண்மையில் அது 13 − (−2), அதாவது 15. கீழ் வரியை −1ஆல் பெருக்கி முழுசாக இன்னொரு தரம் எழுதச் சொல்லுங்கள்: −2க + 3ப = 2. குறி மாற்றுவது ஒரு வேலை, அதைத் தனியாகச் செய்தாயிற்று. இப்போது கூட்டு: 3க = 15, க = 5, அப்புறம் 25 − 3ப = 13, ப = 4. ஒரு வரி கூட எழுதவேண்டும், பத்து செக்கன் போகும், ஆனால் குறி பிழைக்காது. நான் சாதாரண தரத்தில் முதல் தரம் கணிதத்தில் கோட்டை விட்டவன், குப்பி லாம்பு வெளிச்சத்தில் அந்த விதியைப் பாடமாக்கிக்கொண்டு போய், பரீட்சை மண்டபத்தில் "ஒரே குறியா, வேறு குறியா, எந்த எழுத்தின் குறியைப் பார்க்கவேண்டும்" என்று நின்று மூச்சு வாங்கியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாம் தரம் எழுதும்போது எப்போதும் கூட்டினேன்.

ஒரு எழுத்து ஏற்கனவே தனியாக நின்றால், ப = 2க + 1 என்ற மாதிரி, நீக்கலுக்குப் போகவேண்டாம், அப்படியே தூக்கி மற்ற வரியில் பிரதியிடுங்கள். அதற்கும் இதற்கும் சண்டை ஒன்றும் இல்லை.

எப்போது கூட்ட, எப்போது கழிக்க என்று கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது மகாவீரரின் பழக் கணக்கு. ஒன்பதாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்சன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணிதர், கணித சார சங்கிரகம் எழுதியவர். அதில் வருவது: 9 நாரத்தங்காயும் 7 விளாம்பழமும் 107 காசு, 7 நாரத்தங்காயும் 9 விளாம்பழமும் 101 காசு, ஒவ்வொன்றும் என்ன விலை? நம் வழியில் 9க்கும் 7க்கும் பொ.ம.சி.யான 63ஐ வைத்து விளையாடினாலும் விடை வரும். ஆனால் சும்மா இரண்டையும் கூட்டிப் பாருங்கள், எதுவும் வெட்டுப்படாது, 16நா + 16வி = 208, அதாவது நா + வி = 13. சும்மா கழித்துப் பாருங்கள், அப்போதும் ஒன்றும் வெட்டுப்படாது, 2நா − 2வி = 6, அதாவது நா − வி = 3. (நா இங்கே நாரத்தங்காயின் விலை, நாள் சம்பளம் இல்லை; வி விளாம்பழத்தின் விலை.) கூட்டினால் 13, வித்தியாசம் 3, இதற்குக் கொப்பியே தேவையில்லை: 8, 5. ஒரே கணக்கில் கூட்டவும் செய்தோம், கழிக்கவும் செய்தோம், எதையும் வெட்டவேண்டும் என்ற அவசரமும் இல்லை. இரண்டு உண்மையான வரி கையில் இருந்தால் அவற்றை எப்படிச் சேர்த்தாலும் வருவது உண்மையான இன்னொரு வரிதான், உங்களுக்கு வசதியானது எது என்பதே மிச்சக் கேள்வி. ஒன்று மட்டும், புதிதாக வந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பழைய இரண்டையும் எறிந்துவிடாதீர்கள். இரண்டு எழுத்துக்கு எப்போதும் இரண்டு வரி கையில் இருக்கவேண்டும்.

இப்போது 0 = 0. அது பிழை இல்லை தம்பி, கணக்கு உங்களோடு பேசுகிறது. கடைக்கே திரும்பப் போங்கள். முதல் வாரம் 2 கிலோ மா, 1 கிலோ சீனி, 630 ரூபா. அடுத்த வாரம் 4 கிலோ மா, 2 கிலோ சீனி, 1260 ரூபா. முதல் பில்லை −2ஆல் பெருக்கிக் கூட்டினால் எல்லாமே போய் 0 = 0. ஏன்? இரண்டாவது பில் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, முதல் பில்லையே இரண்டு தரம் சொல்கிறது. மா 190, சீனி 250 என்றாலும் ஒத்துப்போகும், மா 200, சீனி 230 என்றாலும் ஒத்துப்போகும், எண்ணிலடங்காத விடை. அதே கடையில் இரண்டாவது மொத்தம் 1300 என்று இருந்தால்? இடப்பக்கம் எல்லாம் போய் 0 = 40 என்று வரும். அப்படி ஒரு விலையே உலகத்தில் கிடையாது, கடைக்காரர் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் விலையைக் கூட்டிவிட்டார், அல்லது எங்கேயோ எழுதுவதில் பிழை. வரைபு போட்டுப் பார்த்தால் முதலாவது ஒரே கோடு ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடப்பது, இரண்டாவது சமாந்தரக் கோடு, எங்கேயும் வெட்டாது.

இதில் எனக்கே ஒரு கதை உண்டு. நீக்கல் முறை பிடிபட்ட புதிதில், தலைகால் புரியாமல், வீட்டுக் கடன் கொப்பியை எடுத்து இரண்டு வாரக் கணக்கில் சீனி விலை கண்டுபிடித்தேன். விடை கழித்தல் எண். அதாவது சீனி வாங்கினால் கடைக்காரர் எனக்குக் காசு தருகிறார்! கூட்டலைப் பத்துத் தரம் பார்த்தேன், பிழை இல்லை. கடைசியில் கொப்பியைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போய், ஆள்கள் நிற்கும்போதே கேட்டேன், சின்ன வயதுத் திமிர். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, அந்த முதல் வாரம் எங்கள் அப்பா ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் பீடிக் கட்டும் எடுத்ததை எழுத மறந்து மொத்தத்தில் மட்டும் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் பீடிக் கணக்கு அம்மாவுக்குத் தெரிந்து போனது தனிக் கதை. ஆனால் நான் படித்தது இது: நீக்கல் முறை பிழைக்கவில்லை, நான் எழுதிய சமன்பாட்டில் இல்லாத மூன்றாவது, நான்காவது எழுத்து கடைக் கொப்பியில் ஒளிந்திருந்தது. வசனக் கணக்கில் ஆள்களின் எண்ணிக்கை இரண்டே முக்கால், வயது −6 என்று வந்தால், முதலில் பெருக்கலைப் பார்க்கச் சொல்லாதீர்கள், வசனத்தைச் சமன்பாடாக எழுதின இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

0 = 0க்கும் ஒழுங்கான கணக்குக்கும் நடுவில் ஒரு மோசமான இனம் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை:

க + ப = 10
க + 1.01ப = 10.04

வெட்டினால் 0.01ப = 0.04, ப = 4, க = 6. நல்லது. இப்போது 10.04ஐ 10.05 என்று மாற்றுங்கள், ஒரு சதம்தான் வித்தியாசம். ப = 5, க = 5! ஒரு சதம் பிசகினதற்கு விடை முழுசாக ஒன்று நகர்ந்துவிட்டது. இரண்டு கோடும் கிட்டத்தட்ட சமாந்தரம், அதனால் வெட்டும் இடம் சின்னத் தட்டலுக்கே எங்கேயோ ஓடிவிடுகிறது. மலையில் நிலம் அளப்பவர்களைக் கேட்டால் இதை வேறு மாதிரிச் சொல்வார்கள்: தூரத்து மலை உச்சி ஒன்றை இரண்டு இடத்திலிருந்து பார்த்து அதன் நிலையைக் குறிக்கும்போது, அந்த இரண்டு பார்வைக் கோடும் நல்ல விரிந்த கோணத்தில் வெட்டவேண்டும், ஊசி மாதிரிக் குறுகலாக வெட்டினால் கோணத்தில் ஒரு சின்னப் பிழை உச்சியையே அடுத்த தோட்டத்துக்குத் தள்ளிவிடும்.

நில அளவை என்று வாய் தவறிச் சொல்லவில்லை. இந்த முறை வளர்ந்ததே அந்த வேலையில்தான். 1802இல் கண்டுபிடித்த பாலஸ் என்ற சிறுகோளின் பாதையைக் கணிக்கப் போன கவுஸ் என்ற ஜெர்மன் கணிதர், 1810 வாக்கில் ஆறு எழுத்துள்ள சமன்பாட்டுக் கூட்டத்தை ஒவ்வொரு எழுத்தாக வெட்டிக்கொண்டே வரும் ஒழுங்கான முறையை எழுதினார். நூற்றுக்கணக்கான கோணம் அளந்து வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒத்துப்போக வைக்கத் திண்டாடிக்கொண்டிருந்த நில அளவையாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கவுஸ் ஜோர்டான் முறை என்று உயர்தரத்துக்குப் பிறகு கேள்விப்படுவீர்கள், அந்த ஜோர்டான் வில்கெல்ம் ஜோர்டான் என்ற ஜெர்மன் நில அளவை அறிஞர், அவருடைய நில அளவைக் கைநூலின் 1888ஆம் ஆண்டுப் பதிப்பில் வருகிறது. அதே குடும்பப் பெயருள்ள பிரஞ்சுக் கணிதர் ஒருவர் இருப்பதால் பலர் ஆளை மாற்றிச் சொல்வார்கள். இலங்கையின் பழைய நில அளவைப் படங்களில் உள்ள கட்டங்கள் பீதுருதாலகாலையை ஆரம்பப் புள்ளியாக வைத்துப் போட்டவை, நுவரெலியாவில் நிற்கும்போது தலைக்கு மேலே தெரியும் அதே 2524 மீற்றர் மலைதான். அப்படியான படத்துக்கு மலை உச்சிகளை முக்கோணம் முக்கோணமாக இணைத்து அளக்கும் வலையைக் கணக்குப் போட்டு ஒழுங்காக்குவது என்றாலே நீக்கல்தான், அதுவும் கம்பியூட்டர் இல்லாத காலத்தில் தாளும் பேனையும் வைத்து.

கவுஸ் என்று பெயர் வைத்திருந்தாலும் அவருக்கு ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கும் முன்னாலேயே சீனர்கள் இதைச் செய்துவிட்டார்கள். மூன்று எழுத்துக் கேள்விக்கு அவர்களுடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது அத்தியாயங்கள் என்று அறியப்படும் பழைய சீனக் கணித நூலில் எட்டாவது அத்தியாயம் முழுக்க இதுதான், அதற்கு லியு ஹுய் என்ற கணிதர் கி.பி. 263இல் உரை எழுதினார். முதல் கணக்கு தானியக் கட்டு பற்றியது: உயர்ந்த ரகம் 3 கட்டு, நடுத்தரம் 2, தாழ்ந்தது 1 சேர்ந்து 39 படி (அவர்கள் சொல்வது தோ என்ற அளவு, படி என்றே வைத்துக்கொள்வோம்). 2, 3, 1 என்றால் 34. 1, 2, 3 என்றால் 26.

3உ + 2ந + த = 39
2உ + 3ந + த = 34
உ + 2ந + 3த = 26

மூன்று எழுத்து வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு எழுத்தைத் தேர்ந்தெடுத்து, அதை இரண்டு வேறு வேறு சோடியில் வெட்டுங்கள், இரண்டு எழுத்தில் இரண்டு வரி வரும், அதற்கு மேல் தெரிந்த பாதை. இங்கே த லேசு. இரண்டாம் வரியை −1ஆல் பெருக்கி முதல் வரியோடு கூட்டினால் உ − ந = 5. முதல் வரியை 3ஆல் பெருக்கி, மூன்றாம் வரியை −1ஆல் பெருக்கிக் கூட்டினால் 8உ + 4ந = 91. இப்போது உ − ந = 5ஐ நான்கால் பெருக்கிக் கூட்டுங்கள், 12உ = 111, உ = 9.25. ந = 4.25. முதல் வரியில் போட்டால் த = 39 − 27.75 − 8.5 = 2.75. மற்ற இரண்டு வரியிலும் போட்டுப் பாருங்கள், ஒத்துவரும்.

பிள்ளைகள் இங்கே விடும் பிழை ஒன்றுதான்: முதல் சோடியில் த-வை வெட்டிவிட்டு, அடுத்த சோடியில் பார்க்க வசதியாக இருக்கிறது என்று ந-வை வெட்டிவிடுவார்கள். ஒரு வரியில் உ, ந. மற்ற வரியில் உ, த. மறுபடியும் மூன்று எழுத்து, சுற்றிச் சுற்றி அதே இடம். வெட்டத் தொடங்கின எழுத்தை முழுசாக ஒழித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடவேண்டும்.

சீனர்கள் எழுத்தே போடவில்லை. பலகையில் குச்சி அடுக்கினார்கள், நேர் எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, கழித்தல் எண்ணுக்குக் கறுப்பு. எந்த இடம் எந்த ரகம் என்று தெரிந்தால் எழுத்து எதற்கு? அதே யோசனைதான் இன்றைக்குத் தாயம் என்ற பெயரில் வருகிறது, எண்ணை மட்டும் வரிசை வரிசையாக அடுக்கி வேலை செய்வது. (தாயம் என்றதும் சோழி உருட்டுவது என்று நினைத்த பிள்ளையும் என் வகுப்பில் இருந்தது. இந்தியப் புத்தகத்தில் அணி என்று இருக்கும், குழம்பவேண்டாம்.) ஆயிரம் எழுத்து, ஆயிரம் வரி என்றாலும் முறை மாறாது, பெருக்கல் வேலை சுமார் 333 மில்லியன் வரும், கம்பியூட்டருக்கு அது ஒரு கண் சிமிட்டு. எழுத்தின் எண்ணிக்கையை மும்மடிக்கு உயர்த்தி மூன்றால் பிரித்தால் கிட்டத்தட்ட அந்தத் தொகை.

தங்கச்சிக்கு ஒரு கணக்கு தருகிறேன், கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் மரக்கறி விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள், விலை என் கற்பனை. 4 கிலோ கரட்டும் 3 கிலோ லீக்சும் 1950 ரூபா, 3 கிலோ கரட்டும் 4 கிலோ லீக்சும் 1900 ரூபா. முதலில் −3, 4 என்று பெருக்கி வெட்டி ஒரு தரம் செய்யட்டும், அப்புறம் மகாவீரர் மாதிரி சும்மா கூட்டி, சும்மா கழித்து ஒரு தரம். இரண்டு வழியிலும் கரட் லீக்சை விட 50 ரூபா கூடத்தான் வரவேண்டும். வராவிட்டால் −3ஆல் பெருக்கின வரியின் வலப்பக்கத்தைப் பாருங்கள், 1950ஐப் பெருக்கி வந்த 5850க்கு முன்னால் குறி மாறியிருக்காது.